கூரைக்கு யார் கொடுப்பார்?

பழைய ரயில்பெட்டிக்கு மழைதான் எமன். மரச்சட்டகத்தின் மேல் பலகையோ தகடோ அடித்துக் கட்டியவை அந்தப் பெட்டிகள். மேலே போர்த்திய கித்தான் ஓரிடத்தில் கிழிந்தால் போதும். தண்ணீர் சுவருக்குள் இறங்கிக் கதவின் அடிக்கட்டையில் தேங்கும், கட்டை உளுத்துப்போகும். தச்சர்கள் பல ஆண்டுகள் இழைத்த வேலை சில குளிர்காலங்களில் பாழ். பிரிட்டனின் பாரம்பரிய ரயில்பாதைச் சங்கங்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனாலும் எஞ்சினுக்கு விழுகிற காசு, பெட்டிகளை நனையாமல் நிறுத்தும் கொட்டகைக்கான உண்டியலில் விழுவதில்லை.

பாரம்பரிய ரயில்பாதை இயக்கம் பிறந்த விதம் அப்படி. 1951-இல் வேல்ஸின் டாலிலின் பாதையைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். பிறகு தெற்கு வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்பு முற்றத்திலிருந்து மட்டும் 213 நீராவி எஞ்சின்கள் மீட்கப்பட்டன. இன்று வாங்காவிட்டால் நாளை உடைத்துவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்று யோசிக்க அவகாசம் ஏது? அன்றைய அவசரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது நிரந்தரப் பழக்கமாகிவிட்டதைத்தான் சொல்கிறேன். 2008-இல் ஓடத் தொடங்கிய புதிய நீராவி எஞ்சின் ‘டொர்னேடோ’வுக்கு, வாரம் ஒரு பைண்ட் பீரின் விலையைக் கொடுங்கள் என்று கேட்டார்கள், மக்கள் கொடுத்தார்கள். கொட்டகை விசில் அடிக்காதே!

அதனால் கொட்டகைக்கு வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது. சஸெக்ஸின் புளூபெல் ரயில்பாதை தன் கொட்டகைத் திட்டத்துக்கு ‘ஆபரேஷன் அண்டர்கவர்’ என்று பெயர் வைத்தது. கூரைக்கடியில் என்றும் பொருள், ரகசிய வேலை என்றும் பொருள். இவ்வகை நிதி திரட்டலுக்கு உண்மையான பலம் உண்டு. இலக்குக்கு எல்லை இருக்கிறது. கொடுத்தவர் தன் பணம் தூணாகவும் தகடாகவும் நிற்பதைப் பார்க்கலாம். தகுதியுள்ள நன்கொடைக்கு, பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் வரிச்சலுகையாக அரசிடமிருந்தும் வரும்.

பெருந்தொகைக்கு லாட்டரி பாரம்பரிய நிதியத்தைத்தான் நாட வேண்டும். அங்கே, பொதுமக்களுக்கு என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லப்போய்க் கிடங்கு காட்சிக்கூடமாகிவிடுகிறது. ஹைலி என்ற ஊரில் 2008-இல் திறந்த எஞ்சின் கூடம், வைட் தீவின் ஹேவன்ஸ்ட்ரீட்டில் 2014-இல் வந்த ‘ட்ரெய்ன் ஸ்டோரி’ இரண்டும் இந்த வகை. வண்டிகள் நனையாமல் இருக்கின்றன, பிள்ளைகளும் பார்க்கிறார்கள். நடைபாதைக்கும் விளக்கப் பலகைக்கும் விட்ட இடத்தில் இன்னொரு தண்டவாளம் போட்டிருக்கலாமே என்ற எண்ணம் எனக்குப் போவதில்லை. கிடர்மின்ஸ்டரின் நீண்ட பெட்டிக் கொட்டகை எனக்கு அதிகம் பிடிக்கும். அதுவும் லாட்டரிப் பணத்தின் துணையில் எழுந்ததுதான். ஆனால் ஓடுகிற பெட்டிகள் வந்து ஒதுங்குகிற இடம் அது.

ஒரு கணக்கு. ஷில்டன் ஊரின் ரயில் அருங்காட்சியகத்தில் 2024-இல் திறந்த புதிய கூடத்துக்குச் செலவு ஏறக்குறைய 80 லட்சம் பவுண்டு. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள். ஒன்றுக்கு இரண்டு லட்சத்துக்குள் அடங்குகிறது. 2016-இல் மீண்டும் ஓடிய ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ எஞ்சினின் சீரமைப்பு மட்டும் 42 லட்சம். அந்தப் பணத்தில் இருபது வண்டிகளுக்கு மேல் கூரை கிடைத்திருக்கும். வெவ்வேறு ஆண்டுகளின் விலையை ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஸ்காட்ஸ்மனைப் பார்க்க வரும் கூட்டம் கொட்டகையைப் பார்க்க வராது என்பதும் உண்மை. என்றாலும் வித்தியாசம் அலட்சியப்படுத்தும் அளவில் இல்லை.

இந்த முறையின் பெரிய ஓட்டை, திறப்பு விழாவோடு திரட்டலும் முடிந்துபோவதுதான். கூரைக்கால்வாயில் இலை அடைக்கும், இரும்பு துருப்பிடிக்கும், வண்ணப்பூச்சு உரியும். கால்வாய் சுத்தம் செய்ய யாரும் உயில் எழுதி வைப்பதில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பாரம்பரியப் பாதைகளில் நிற்கும் வண்டிகள் எல்லாமே அந்தப் பாதைக்குச் சொந்தமில்லை, பல, தனிக்குழுக்களுடையவை. பொதுவில் திரட்டிய பணத்தில் கட்டிய கூரைக்கடியில் யாருடைய வண்டி முதலில் நுழையும்? நன்கொடைத் துண்டறிக்கையிலேயே இதற்குப் பதில் இருக்க வேண்டும். வண்டி வாங்கக் கேட்கும் துண்டறிக்கையிலும், அது நிற்கப்போகும் இடத்துக்கு விலை போட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 பெட்டி ஏறக்குறைய 20 மீட்டர் நீளம். அந்த 20 மீட்டர் கூரைக்குப் பணம் சேராதவரை பெட்டியை வாங்குவதில்லை என்று ஒரு சங்கம் முடிவெடுத்தால், முதல் எதிர்ப்பு அதன் உறுப்பினர்களிடமிருந்தே வரும்.