ஒளியும் பார்வையும்: கிறித்தவ இலக்கியத்தின் ஒரு படிமம் பற்றிய நோக்கு

கிறித்தவ இலக்கியங்களில் மிகுதியும் பயின்று வரும் படிமங்களுள் ஒளி தலையாயது. ஆயின், மிகுதியாக வழங்கும் சொல் விரைவிற் பொருள் மெலிதலும் இயல்பே. 'ஒளி பெற்றோம்', 'ஒளியில் நடக்கின்றோம்' என்னும் தொடர்கள் பிரசங்க மேடையிலும் நினைவு மலர்களிலும் பலவேளை வெறும் வாய்பாடுகளாக நின்றுவிடுகின்றன. ஒளி பெற்றவன் எதனைக் காண்கிறான்? இவ்வினாவை எழுப்பாது அப்படிமத்தின் பெறுமதியை மதிப்பிடல் இயலாது.

தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களுள் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) தனியிடம் பெறுவது. வைணவக் குடியிற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி, ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களில் அதனை அமைத்தார். பனியனின் கதைத் தொடக்கம் ஈண்டு நோக்கற்பாலது. சுமை தாங்கி நிற்கும் யாத்திரிகனுக்கு நற்செய்தியாளன் தொலைவிலுள்ள வாயிலைச் சுட்டுகிறான். அவனுக்கு அது தெரியவில்லை. அங்கு ஒளி தெரிகிறதா என மீண்டும் வினவ, தெரிவது போலுள்ளது என்கிறான். அந்த ஐயம் கலந்த பார்வையே அவன் புறப்படப் போதுமானதாகின்றது. 1913இல் எழுந்த எமது முகத்துவாரத்து வெளிச்சவீட்டை ஒருவன் ஈண்டு நினைவுகூரலாம். கடலிலிருந்து வருபவன் அதன் ஒளியைக் கொண்டு கரையை அறிகிறான். ஒளியை வியந்து நின்றுவிடுவானாயின் வீடு சேரான்.

எனினும் இக்கதையில் ஓர் இடரும் உண்டு. மனைவி மக்களின் அழைப்பைக் கேளாதிருக்கச் செவிகளைப் பொத்திக்கொண்டே யாத்திரிகன் ஓடுகிறான். தன் மீட்சியை நாடுபவனின் தவிப்பை இது கூர்மையாகக் காட்டுகின்றது; ஆயின், ஒளியை நோக்கி ஓடுபவன் அயலாரைக் காணாது போதலும் கூடும் அன்றோ? பனியன் 1684இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் அம்மனைவி மக்களோடு அயல்வீட்டுப் பெண்ணொருத்தியும் அதே வழியில் நடக்கின்றாள். முதற்பாகத்தின் குறையை அது நிறைவு செய்கின்றது எனலாம்.

அப்போஸ்தலர் நடபடிகளின் ஒன்பதாம் அதிகாரம் இப்பிரச்சினையை இன்னும் ஆழமாக அணுகுகின்றது. தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் சவுலைச் சூழ்ந்த ஒளி, அவனுக்கு இருந்த பார்வையையும் பறித்தது. மூன்று நாள் அவன் காணாதிருந்தான். தமிழ் மாணவர்க்கு இங்குச் சுந்தரர் வரலாறு நினைவுக்கு வரும். சங்கிலியார்க்கு அளித்த உறுதிமொழி தவறிக் கண்ணிழந்த அவர், காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றதைப் பெரியபுராணம் பேசும். அங்குப் பாடிய அடியார்க்கு இறைவனே கண் அளிக்கின்றான். சவுலுக்கோ, தான் சிறைப்பிடிக்க வந்த கூட்டத்தாருள் ஒருவனாகிய அனனியாவின் கை வழியாகவே பார்வை மீள்கின்றது. அனனியாவும் தரிசனம் கண்டவனே. ஆயின் அத்தரிசனம் அவனுக்கு உணர்த்தியது, செல்லவேண்டிய ஒரு தெருவையும் ஒரு வீட்டையுமே. அவன் அஞ்சினான், அஞ்சுதற்குத் தக்க காரணமும் இருந்தது. அஞ்சியும் சென்று, சவுலைச் 'சகோதரன்' என விளித்தான்.

மட்டக்களப்பிலிருந்து இப்பகுதியைப் படிப்போர்க்கு இது பழங்கதையன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். காத்தான்குடியும் ஆரையம்பதியும் போலத் தமிழூரும் முஸ்லிமூரும் அடுத்தடுத்து அமைந்த வாவிக்கரை இது. கொலையில் எவ்விதப் பங்கும் இல்லாத அயலவரையும் அச்சம் சவுலாகவே காட்டும். குற்றமுடைய சவுலின் வாயிலுக்கே அனனியா சென்றான் எனின், குற்றமற்ற அயலவர் வாயிலுக்குச் செல்லத் தயங்குதல் எவ்வாறு தகும்? உற்றாரை இழந்தோரிடம் இத்துணிவை வலிந்து கேட்கும் உரிமை எமக்கில்லை. ஆனால், ஒளியைப் பற்றி எழுதுவோரிடம் கேட்கலாம்; கேட்டலே விமர்சனத்தின் கடமையுமாகும்.

எனவே, ஒளியைப் பாடும் ஒரு படைப்பை மதிப்பிடுகையில் அதன் சொல்லழகோடு பிறிதொன்றையும் நோக்குதல் வேண்டும்: அதனைப் படித்து முடித்தவன் தன் அயலானின் முகத்தை முன்னிலும் தெளிவாகக் காண்கிறானா? காண்கிறான் எனின், அவ்வொளி மெய்யானதே.