தாம்ஸன் வைத்த கள்ளச் சாவி

ட்யூரிங் பரிசு பெற்ற கென் தாம்ஸனின் உரை 1984-ல் அச்சாயிற்று. மூன்றே பக்கம், கதை எழுதுகிறவனுக்குப் பொறாமை வரும். புரோகிராமை யந்திர பாஷைக்கு மாற்றும் கம்பைலருக்குள் கள்ளச் சாவியை ஒளித்துவிட்டு, மூலப் பிரதியில் சுவடின்றி அழிக்கிறார். கம்பைலர் தன்னையே மறுபடி தயாரிக்கையில் சாவியும் கூடப் பிறக்கிறது! சில்லுக்குள் புதைந்த மைக்ரோகோடில் வைத்தாலோ, கண்டுபிடிப்பதே அரிது என்கிறார். கடைசியில், பிறர் கம்ப்யூட்டரில் நுழையும் வாலிபர்களுக்குச் செய்யும் உபதேசம்தான் ஒட்டவில்லை.

புரோகிராமை நம்பாவிட்டால் சில்லை நம்பலாம் என்றார்கள் பின்னால் வந்தவர்கள். 2015-ல் இன்டெல் பிராஸஸருக்குள் எஸ்.ஜி.எக்ஸ். என்ற ரகசிய அறை வந்தது. 2018-ல் 'ஃபோர்ஷாடோ' ஆராய்ச்சியாளர்கள் அறைக்குள் இருந்ததையும், 'இது அசல் அறை' என்று அத்தாட்சி கூறும் சாவியையும் படித்துவிட்டார்கள். இங்கே யாரும் வஞ்சகம் செய்யவில்லை. வேகத்துக்காக முன்கூட்டியே கணக்குப் போடும் சில்லின் அவசரமே காட்டிக்கொடுத்தது. பரிகாரமாக இன்டெல் அனுப்பியது, புதிய மைக்ரோகோட்.