ஜாங்கோவின் உள்நுழைவு முறையும் தமிழ்ப் பயனர்பெயர்களும்

ஜாங்கோ என்பது பைதான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற வலைச் செயலிக் கட்டமைப்பு ஆகும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் நகரின் நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. பயனரைப் பதிவுசெய்தல், கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், உள்ளே வந்தவரை நினைவில் வைத்தல், மறந்த கடவுச்சொல்லை மாற்றித் தருதல் ஆகியவற்றுக்கான நிரல் அதனுடனேயே கிடைக்கிறது. அதனால் கல்லூரி மாணவர்களின் திட்டப்பணி முதல் பெரிய நிறுவனங்களின் தளங்கள் வரை பலவற்றில் வாசற்கதவு ஜாங்கோ தந்த கதவாகவே இருக்கிறது. இந்தக் கதவு பாதுகாப்பில் உறுதியானது. ஆனால் தமிழில் தன் பெயரை எழுதுபவரை அது பதிவுப் படிவத்திலேயே திருப்பி அனுப்புகிறது. இக்கட்டுரை அந்தக் குறையை ஆராய்கிறது.

முறையின் வலிமைகள்

ஜாங்கோ கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் தற்செயலான ஓர் உப்பைச் சேர்த்து, பிபிகேடிஎஃப்2 என்னும் முறையில் திரும்பத் திரும்பக் கலக்கி, விளைவை மட்டுமே வைத்துக்கொள்கிறது. 5.2 பதிப்பில் இந்தக் கலக்கல் 10 லட்சம் முறை நடக்கிறது. தரவுத்தளம் திருடுபோனாலும் கடவுச்சொற்களைக் கண்டுபிடிப்பது கடினம்.

பயனர்பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று அது பிரித்துச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால், யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் தெரிந்துகொள்வார். இல்லாத பயனர்பெயரைக் கொடுத்தாலும் ஒருமுறை கலக்கல் வேலையைச் செய்துவிட்டே மறுப்பதால், பதில் வரும் நேரத்தை வைத்தும் ஊகிப்பது எளிதல்ல. உள்நுழைந்தவுடன் அமர்வு எண் மாற்றப்படுகிறது. இவை எல்லாம் நிரலாளர் எதுவும் செய்யாமலே கிடைப்பவை. புதிதாகக் கற்பவர் சொந்தமாக உள்நுழைவு முறை எழுதுவதைவிட ஜாங்கோவின் முறையைப் பயன்படுத்துவதே நல்லது என்பதில் ஐயமில்லை.

ஏற்காட்டுப் பெயர்களைக் கொண்டு ஒரு சோதனை

2016 ஆகஸ்டில் வெளிவந்த 1.10 பதிப்பில், யூனிக்கோடு எழுத்துகளை ஏற்கும் பயனர்பெயர் சரிபார்ப்பி ஜாங்கோவில் முறையாகச் சேர்க்கப்பட்டது. எந்த மொழியிலும் பயனர்பெயர் வைக்கலாம் என்றே இதைக் கேள்விப்படுபவர் எண்ணுவார். இதைச் சோதிக்க ஒரு வட்டாரத்தின் ஊர்ப்பெயர்கள் போதும். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், மாரமங்கலம், வாழவந்தி ஆகிய பெயர்களை ஜாங்கோவின் இயல்பான பதிவுப் படிவத்தில் ஒவ்வொன்றாக இட்டால், ஒன்றுகூடத் தேறாது. பயனர்பெயரில் எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டுமே இருக்கலாம் என்ற பொருளில் பிழைச்செய்தி வரும். இட்டவரோ எழுத்துகளை மட்டுமே இட்டிருப்பார்.

மலையின் பெயரான சேர்வராயன் என்பதும் தேறாது. கால், கொம்பு, சுழி, புள்ளி எதுவும் இல்லாத பெயர் மட்டுமே தேறும். அப்படி ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிப் பிடிப்பதே கடினம்.

காரணம் எங்கே உள்ளது

சரிபார்ப்பி பைதானின் ரெஜெக்ஸ் வசதியை நம்புகிறது. அதில் 'சொல் எழுத்து' என்னும் வகைக்குள், யூனிக்கோடு 'எழுத்து' அல்லது 'எண்' என்று வகைப்படுத்தியவையும் அடிக்கோடும் மட்டுமே வருகின்றன. தமிழில் க, ட, ற போன்றவை யூனிக்கோடின்படி எழுத்துகள். ஆனால் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் 'குறி' என்னும் தனி வகையில் உள்ளன. எனவே 'கா' என்பதில் 'க' எழுத்தாகிறது. கால் வெளியே நிற்கிறது. தமிழ் இலக்கணத்தில் 'கா' ஓர் எழுத்து என்பதைச் சிறுவர்களும் அறிவார்கள்.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இந்தி, வங்காளம், மலையாளம், சிங்களம் போன்ற மொழிகளுக்கும் இதே நிலைதான். ரஷ்ய, சீன, கொரியப் பெயர்கள் தடையின்றித் தேறுகின்றன. ரெஜெக்ஸ் பற்றிய யூனிக்கோடு அமைப்பின் பரிந்துரை, 'சொல் எழுத்து' வகைக்குள் குறிகளையும் சேர்க்கச் சொல்கிறது. பைதானின் ரெஜெக்ஸ் அதைப் பின்பற்றவில்லை. இத்தனைக்கும் அதே பைதான் 3-இல் ஏற்காடு என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் நிரல் பிழையின்றி ஓடும். மாறிக்குப் பொருந்தும் பெயர் மனிதருக்குப் பொருந்தாமல் போகிறது.

ஒரே கட்டமைப்பில் இரண்டு அளவுகோல்கள்

கடவுச்சொல்லுக்கு ஜாங்கோ குறைந்தது 8 எழுத்துகளைக் கேட்கிறது. இங்கே அது குறிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்கிறது. 'ஏற்காடு' என்பது படிப்பவருக்கு 4 எழுத்து. ஜாங்கோவின் கணக்கில் 7. 'சேர்வராயன்' படிப்பவருக்கு 6 எழுத்து, ஜாங்கோவுக்கு 10. எனவே பின்னது நீளச் சோதனையில் தேறிவிடும். பரவலான கடவுச்சொற்கள் என்று ஜாங்கோ வைத்திருக்கும் ஏறத்தாழ 20,000 சொற்களின் பட்டியல் ஆங்கில எழுத்துகளை நம்பியிருப்பதால், மலையில் எவரும் ஊகிக்கக்கூடிய இச்சொல் அதிலும் சிக்காது.

ஆக, நீளத்தை அளக்கும்போது எழுத்தாக எண்ணப்படும் குறி, பெயரைச் சரிபார்க்கும்போது எழுத்தல்ல என்று தள்ளப்படுகிறது.

முரண் இதோடு முடியவில்லை. சரிபார்ப்பி படிவங்களில்தான் வேலை செய்கிறது. நிரல் வழியாகப் பயனர்களை மொத்தமாகச் சேர்த்தால் தமிழ்ப் பெயர் தரவுத்தளத்தில் ஏறிவிடும். அந்தப் பெயரால் உள்நுழையவும் முடியும். பிறகு ஒருநாள் நிர்வாகி அந்தக் கணக்கைத் திருத்திச் சேமிக்க முயலும்போது, பெயர் செல்லாது என்று படிவம் மறுக்கும்.

ஆங்கிலத்தில் எழுதினால் என்ன

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஏற்காடு என்ற பெயரே இதற்கு நல்ல பதில். அதன் வழக்கமான ஆங்கில வடிவம் ஒய், இ, ஆர், சி, ஏ, யு, டி என்ற எழுத்துகளால் ஆனது. தமிழ் ஒலிப்பை மட்டும் அறிந்தவர் இந்த வரிசையை ஊகிக்கவே முடியாது. சேர்வராயன் மலைக்கும் இதே கதைதான். 2020-இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. விமர்சனங்கள் எழுந்ததும் அதே ஆண்டு ஜூனில் அதைத் திரும்பப் பெற்றது. அரசுக்கே கடினமான வேலையைப் பதிவுப் படிவம் ஒவ்வொரு பயனரிடமும் ஒப்படைக்கிறது.

விளைவு உள்நுழையும் நாளில் தெரியும். பதிவின்போது 'ழ' வந்த இடத்தில் ஆங்கிலத்தில் எந்த எழுத்தை இட்டோம், நெடிலுக்கு ஓர் 'ஏ' போட்டோமா இரண்டு போட்டோமா என்று பயனர் தடுமாறுவார். எது தவறு என்று ஜாங்கோ சொல்லாது. கடவுச்சொல்லை மறந்ததாக எண்ணி மீட்பு இணைப்பைக் கேட்டால் அது மின்னஞ்சலுக்குச் செல்லும். மின்னஞ்சல் தராதவருக்கு எதுவும் வராது. அனுப்பிவிட்டதாகவே பக்கம் சொல்லும். வெளியாளை ஏமாற்ற வைத்த மௌனம், கணக்குக்கு உரியவரையே வெளியே நிறுத்துகிறது.

பயனர்பெயருக்குப் பதில் கைப்பேசி எண்ணைக் கேட்கும் வழக்கமும் உண்டு. வீட்டில் ஒரே கைப்பேசியைப் பலர் பகிரும் இடங்களிலும், மலைச்சரிவில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களிலும் அது வேறு தடைகளைக் கொண்டுவரும்.

பாதுகாப்பு என்னும் வாதம்

குறிகளை அனுமதித்தால் ஒன்றுபோலத் தோன்றும் பெயர்களால் ஆள்மாறாட்டம் நடக்கும் என்ற எதிர்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. 'ஔ' என்பதும் 'ஒ' உடன் 'ள' சேர்ந்ததும் கண்ணுக்கு ஒன்றே. ஆனால் இப்போதைய விதி இந்த ஆபத்தைத் தடுக்கவில்லை. 'ஒள' என்பதில் இருப்பவை இரண்டும் எழுத்துகளே என்பதால் அது தாராளமாகத் தேறும். தமிழ் எண்களும் தேறும். ௧ என்னும் ஒன்று 'க' போலவும், ௭ என்னும் ஏழு 'எ' போலவும், ௮ என்னும் எட்டு 'அ' போலவும் தோற்றமளிக்கின்றன. ஏமாற்ற உதவுவதை உள்ளே விட்டுவிட்டு, பெயருக்குத் தேவையான புள்ளியை வெளியே நிறுத்தும் விதியைப் பாதுகாப்பு விதி என்று கொள்ள முடியாது.

செய்யக்கூடியவை

ஜாங்கோவில் பயனருக்கான மாதிரியை நிரலாளரே வரையறுத்துக்கொள்ளலாம். அதில் பயனர்பெயர்ப் புலத்துக்குச் சொந்தச் சரிபார்ப்பியை வைத்து, ஏற்கப்படும் எழுத்துகளோடு தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து, தமிழ் எண்களை விலக்கினால் போதும். நிரல் சில வரிகளே. ஒரே உயிர்மெய்யை வெவ்வேறு விசைப்பலகைகள் வெவ்வேறு குறி வரிசையில் உள்ளிடும் சிக்கலை, பயனர்பெயரை இயல்பாக்கும் ஜாங்கோவின் வசதி ஏற்கெனவே பெருமளவு தீர்த்துவைக்கிறது.

ஆனால் பயனர் மாதிரியைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே அமைக்க வேண்டும். தரவு சேர்ந்த பிறகு மாற்றுவது கடினம் என்று ஜாங்கோவின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. இயல்பான அமைப்பை நம்பித் தொடங்குபவர் குறையைக் கண்டறியும் நேரத்தில் காலம் கடந்திருக்கும். ஆகவே திருத்தம் கட்டமைப்பிலேயே வருவதுதான் முறை.

அதுவரை தமிழில் செயலி எழுதும் மாணவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பதிவுப் படிவத்தை முடித்ததும், முதலில் தங்கள் ஊரின் பெயரைத் தமிழில் இட்டுப் பார்க்கலாம். ஊரையே ஏற்காத படிவம் ஊராரை எப்படி ஏற்கும்?