ஜீவா நூலும் சுருதிப் பெட்டியும்

வால்வு சூடேறிப் பாடும் பழைய ஆம்ப்ளிஃபையரா, அதே குரலைக் கணக்குப் போட்டுத் தரும் டிஜிட்டல் மாடலரா? கிடார் வாசிப்பவர்களிடையே இந்த வழக்கு ஓயவில்லை. நம் கச்சேரி மேடையில் இதே வழக்கு தம்புராவுக்கும் சுருதிப் பெட்டிக்கும் நடக்கிறது. பெங்களூர்ப் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் இந்தப் பெட்டியை, அதாவது எலக்ட்ரானிக் தம்புராவை, உருவாக்கினார்.

வசதியில் பெட்டியை மிஞ்ச முடியாது. திருப்புட்குழியில் பஸ் ஏறிக் காஞ்சிபுரத்துக்குப் பாட்டு வகுப்புப் போகும் பிள்ளை அதை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கட்டை மாற்ற ஒரு குமிழைத் திருகினால் போதும். நாகஸ்வரக் கோஷ்டிகளில் சுருதிக்காக ஒத்து ஊதியவரின் இடத்தையும் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொண்டது. அது வருத்தமான விஷயம்தான்.

ஆனால் தஞ்சாவூர்த் தம்புராவின் குதிரையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே சின்ன நூல் துண்டு: அதுதான் ஜீவா. விரல் நுனியால் அதை மயிரிழை நகர்த்தினால், மொண்ணையாக இருந்த தந்தி சட்டென்று ரீங்காரம் எடுக்கும். 1921இல் சி.வி. ராமன் இதை ஆராய்ந்து எழுதினார். சாதாரணத் தந்தியில், மீட்டும் இடத்தில் கணு (அதிராத புள்ளி) விழும் மேல்சுரங்கள் எழுவதில்லை; தம்புராவில் அவையும் கணீரென்று எழுகின்றன. வளைந்த குதிரையைத் தந்தி தொட்டுத் தொட்டு அதிர்வதே காரணம். மந்தர சட்ஜத்தை மட்டும் மீட்டினாலும் உள்ளே அந்தர காந்தாரம் கேட்பது அதனால்தான்.

வீட்டுச் சாதகத்துக்குப் பெட்டி தாராளமாகப் போதும். கச்சேரிக்குத் தம்புராவே வேண்டும். அதை மீட்டுபவருக்கு உரிய சம்பளத்தைச் சபாக்கள் தனியே ஒதுக்க வேண்டும்.