கிக் ஆஃப்: முதல் உதையை ரசிப்பது எப்படி?

கால்பந்தாட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதைக்குக் ‘கிக் ஆஃப்’ என்று பெயர். பிரெஞ்சில் அது ‘கூ தான்வுவா’, அதாவது அனுப்பிவைக்கும் உதை. ஆட்டத்தின் இரு பாதிகளும் கூடுதல் நேரத்தின் இரு பாதிகளும் இதில்தான் தொடங்குகின்றன. ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் இது உண்டு. புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கிலோ ஒரு பள்ளி மைதானத்திலோ பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்களில் பலர், பந்து கோல் கம்பத்தை நெருங்கும்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆனால் இரு அணியும் அவரவர் இடத்தில் முழுதாக அணிவகுத்து நிற்பது கிக் ஆஃபுக்கு முந்தைய சில நொடிகளில்தான். யார் தடுப்பவர், யார் முன்னேறுபவர், எந்தப் பக்கம் ஆள் பலம் அதிகம் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

டாஸ்

ரசனை பூவா தலையாவிலிருந்தே தொடங்கலாம். 2019 முதல், டாஸில் வென்ற அணி இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: முதல் பாதியில் எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்ற தேர்வு, அல்லது கிக் ஆஃப். அதற்கு முன்பு வென்றவர்களுக்குப் பக்கம் மட்டுமே. உதை எதிரணிக்குப் போகும். கடலோர ஊரில் இந்தத் தேர்வுக்குப் பொருள் அதிகம். மாலையில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். மேற்கே சாயும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். இடைவேளைக்குப் பிறகு வெயில் இறங்கிவிடும் என்று கணக்குப் போடும் தலைவன், எதிரணி கோல்கீப்பர் சூரியனைப் பார்த்து நிற்கும்படி முதல் பாதியிலேயே பக்கத்தைக் கேட்பான். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும். முதல் பாதியில் உதைக்காத அணி உதைக்கும்.

வட்டமும் கோடும்

பந்து மைதானத்தின் நடுப்புள்ளியில் அசையாமல் இருக்க வேண்டும். உதைப்பவரைத் தவிர எல்லாரும் தங்கள் பாதிக்குள் நிற்க வேண்டும். பந்து நகரும்வரை எதிரணியினர் 9.15 மீட்டர், அதாவது 10 கெஜம், தள்ளி நிற்க வேண்டும். மைய வட்டத்தின் ஆரமும் அதே அளவுதான். சிறுவர் ஆட்டத்துக்கு மைதானம், பந்து, ஆட்ட நேரம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. சிறிய மைதானத்தில் வட்டமும் சிறியதாக இருக்கும்.

முதல் தொடுதல்

நடுவர் சைகை தந்தபின் பந்து உதைபட்டுத் தெளிவாக நகர்ந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. 2016 வரை பந்து முன்னோக்கி நகர்ந்தாக வேண்டியிருந்தது. அதனால் இருவர் பந்தருகே நிற்பார்கள். ஒருவர் லேசாகத் தட்ட, மற்றவர் பின்னால் அனுப்புவார். அந்த ஆண்டு வந்த மாற்றத்தால் எந்தத் திசையிலும் உதைக்கலாம். பிரான்சில் நடந்த யூரோ 2016 போட்டியிலேயே புது விதி நடப்புக்கு வந்தது. இன்று ஒருவர் மட்டும் நின்று பின்னோக்கி அனுப்புவதே வழக்கம். பந்து பின்னால் போனால் அந்த அணி பொறுமையாகக் கட்டி ஆட நினைக்கிறது; ஓரத்துக்கு நீளமாகப் பறந்தால் எதிரியை அவன் பாதியிலேயே நெருக்க நினைக்கிறது.

தவறினால்

உதைத்தவர், வேறொருவர் தொடுவதற்கு முன் மீண்டும் பந்தைத் தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். எதிரணி ஆட்டக்காரர் முன்கூட்டியே வட்டத்துக்குள் பாய்ந்தால் கிக் ஆஃப் மறுபடி எடுக்கப்படும். பத்து வயதுப் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்: சுண்ணாம்புக் கோட்டில் நுனிக்காலில் நிற்கும் சிறுவன் விசிலுக்கு அரை நொடி முன்பே பாய்ந்துவிடுவான், நடுவர் கையசைத்துத் திருப்பி அனுப்புவார், அவன் தரையில் கோட்டைத் தேடிக் காலை வைப்பான். அந்தப் பிள்ளை விதியைக் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். கிக் ஆஃபிலிருந்து பந்து நேராக எதிரணி வலைக்குள் போனால் முறைப்படி கோல். சில சிறுவர் போட்டிகளில் மட்டும் இதற்கு அனுமதி இல்லை. தவறித் தன் வலைக்கே நேராகப் போனால் கோல் இல்லை, எதிரணிக்குக் கார்னர்.

கோலுக்குப் பின்

கோல் வாங்கிய அணிக்கே அடுத்த கிக் ஆஃப். இந்த விதியில் ஒரு கருணை இருக்கிறது: அடி வாங்கியவன் கையில்தான் பந்து வந்து சேர்கிறது. வலையிலிருந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியபடி நடுப்புள்ளிக்கு ஓடிவரும் பிள்ளை, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று தன் அணிக்குச் சொல்கிறான். கோல் அடித்த மகிழ்ச்சியில் இருப்பவர்கள் தங்கள் பாதிக்குத் திரும்பியபின்தான் நடுவர் விசில் ஊதுவார்.

பார்க்க வருபவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வந்து, நடுக்கோட்டுக்கு நேரே உட்காருவது நல்லது. பிள்ளை விசிலுக்காகக் காத்திருக்கும் அந்த நொடியில் “அடி, அடி” என்று கத்தாமல் அவனோடு சேர்ந்து காத்திருந்தால் போதும்.