சுண்ணாம்புத் தெளிநீர்

நக்கிள்ஸ் மலையடியில், கடலைக் காணாத பல்லேகமவில் பவளத் தொட்டி வைப்பவர் கடலையே கலக்கிச் செய்ய வேண்டும். அந்த நீரின் பிஎச் இரவில் இறங்கும், பகலில் ஏறும். விளக்கு அணைந்ததும் பாசியின் ஒளிச்சேர்க்கை நிற்கும். சுவாசம் நிற்காது, காபனீரொட்சைட்டு சேரும். விடியுமுன் 7.9, மாலையில் 8.3 என்றால் பதற வேண்டாம். பகலிலும் ஏறாவிட்டால் முதலில் யன்னலைத் திறந்து பாருங்கள். பூட்டிய அறையின் காற்றே பல நேரம் காரணம்.

அதற்கும் அசையாத தொட்டிக்கு எனக்குப் பிடித்த மருந்து சுண்ணாம்புத் தெளிநீர். ஹிக்கடுவப் பக்கம் ஒரு காலத்தில் பவளத்தைச் சூளையில் எரித்தே சுண்ணாம்பு எடுத்தார்கள். இங்கே சுண்ணாம்பு பவளத்தை வளர்க்கிறது, எவ்வளவு அழகான ஈடு! மாத்தளை டொலமைட் சுண்ணாம்பு மட்டும் ஆகாது, மக்னீசியம் அதிகம். சுத்தமான நீற்றுச் சுண்ணாம்பைக் கலக்கி வைத்தால் வெண்மை அடியில் படியும், மேலே மெல்லிய ஆடை கட்டும். இரண்டையும் கலைக்காமல் நடுவிலுள்ள தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அது காபனீரொட்சைட்டைப் பிடிக்கும், கல்சியமும் தரும். ஆனால் அதன் பிஎச் 12க்கு மேல். ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக, இரவில், சொட்டுச் சொட்டாக விடுங்கள்.