கணக்கர் எழுதிய வாழ்க்கை

தன்வரலாற்று நூல்களைக் கையில் எடுக்கும்போது நாம் பெரும்பாலும் எழுதியவரின் உள்ளத்தையே தேடுகிறோம். புனித அகுஸ்தினார் நமக்குப் பழக்கிவிட்ட சுவை அது. பாவமும் கண்ணீரும் மனமாற்றமும் இருந்தால்தான் ஒரு வாழ்க்கை முழுமையாகச் சொல்லப்பட்டதாக நமக்குத் தோன்றுகிறது. அந்தச் சுவையோடு இரட்டைமலை சீனிவாசன் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலைத் திறப்பவர் ஏமாற்றமே அடைவர். நானும் அடைந்தேன். 1939-இல் வெளிவந்த இந்நூல் தலைப்பிலேயே தன்னைச் 'சுருக்கம்' என்று அறிவித்துக்கொள்கிறது. ஆண்டு, தொகை, எண்ணிக்கை, மனு, தீர்மானம் என்று செல்லும் அதன் நடையை 'வறண்ட நடை' என்று முடிவு கட்டி, பங்கு இல்லத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த முடிவு தவறானது என்பதை எனக்கு உணர்த்தியது மற்றொரு நூலன்று. மரக்காணத்து உப்பளத்தில் உழைக்கும் ஒரு தாயின் கைக்கடக்கமான நோட்டுப் புத்தகம்.

நூலாசிரியரைப் பற்றி முதலில் சில சொற்கள். செங்கற்பட்டுப் பகுதியில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் அவர். எங்கள் கடற்கரைக்கு அயலூர் மனிதர் என்றே சொல்லலாம். கோயமுத்தூரில் கல்வி கற்றார். நீலகிரியில் ஐரோப்பியரின் வணிக நிலையங்களில் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். 1890-இல் சென்னைக்கு வந்தார். 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். தாயகம் திரும்பி, 1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். 1930, 1931 ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கரோடு அமர்ந்து ஒடுக்கப்பட்டோருக்காக வாதாடினார். 1945-இல் மறைந்தார். இத்தனை பணிகளுக்கிடையே அவருடைய முதல் தொழிலை நாம் எளிதாகக் கடந்து போய்விடுகிறோம். அவர் கணக்கர் என்பதே இந்நூலைப் படிப்பதற்கான திறவுகோல் என்று இப்போது கருதுகிறேன்.

இனி அந்த நோட்டுப் புத்தகம். உப்பளத்தை அறியாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் நீரில் அமிழ்ந்துவிடும். தை பிறக்கும்வரை வேலை இல்லை. அந்த மாதங்களில் அடுப்பெரிவது முன்பணத்தால். வெயில் வந்து உப்பு வாரத் தொடங்கியதும் வாரக் கூலியிலிருந்து அது கழிக்கப்படும். கடன் கொடுப்பவரே கணக்கும் எழுதுவார். உழைப்பவர் கைநாட்டு வைப்பார். ஒரு சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப்பின் ஒரு தாய் தம் நோட்டை என்னிடம் நீட்டிப் படித்துச் சொல்லும்படி கேட்டார். பதினொரு வாரம் கூலியில் பிடித்திருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு; வீட்டுச் சுவரில் வாரத்துக்கு ஒரு கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். நோட்டில் ஏழு வாரமே ஏறியிருந்தது. நான் படித்துக் காட்டினேன். பிறகு, "கடவுள் பார்த்துக்கொள்வார் அம்மா" என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கடவுள் பாத்துக்கிட்டுதான் இருக்காரு சாமி. நோட்டுல எழுதணுமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவுதான் சீனிவாசனின் நூலை மீண்டும் எடுத்தேன்.

பள்ளிப் பருவத்தைச் சொல்லும் பகுதியில் அந்தக் கணக்கரின் உள்ளம் தெரிகிறது. ஏறத்தாழ 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக மற்ற அனைவரும் பிராமணர். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிய சிறுவன், பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணியடித்த பிறகே வகுப்புக்குள் நுழைகிறான். பள்ளி விட்டதும் பிறர் வந்து சேருமுன் வீட்டுக்கு விரைகிறான். உடன் பயில்வோரோடு விளையாட முடியாத கொடுமையை எண்ணி மனம் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கலக்கத்துக்கு முன்னால் 400 என்றும் 10 என்றும் இரண்டு எண்களை நிறுத்திவிடுகிறார். என் துயரம் என் கற்பனையன்று, எண்ணிப் பார்த்துக்கொள் என்று வாசகனிடம் சொல்வதாகவே இதை நான் கொள்கிறேன்.

இதழைத் தொடங்கிய செய்தியும் இவ்வாறே வருகிறது. முதற்செலவு பத்து ரூபாய், விலை இரண்டணா, சென்னையில் இரண்டே நாட்களில் 400 படிகள் விற்றுத் தீர்ந்தன. வசையாக வீசப்பட்ட பெயரையே இதழுக்குச் சூட்டிய துணிவைப் பற்றி வேறொருவராயின் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். இவரோ விற்பனைக் கணக்கைத் தருகிறார். அதே 1893-இல் சென்னையில் கூட்டம் கூட்டி ஆங்கிலேயப் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். அதன் நீளம் 112 அடி. கையொப்பமிட்டவர்கள் 3,412 பேர். உயர்பதவித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை அம்மனு எதிர்த்தது. அதிகாரம் முழுவதும் மேற்சாதியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். அந்நியர் ஆட்சியை நம்பியது குறையன்றோ என்று இன்று கேட்கலாம். கேட்பது முறையே. ஆயினும் எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து 3,412 பெயர்களைத் திரட்டியதன் பொருளை அந்தக் கேள்வி மறைத்துவிடக் கூடாது. வாக்குரிமை வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அந்த மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்ட வாக்காளர் பட்டியல் அது.

நூலின் உச்சம் என்று நான் கருதுவது, இலண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்த காட்சி. தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்கிறார். இவர் சாத்திரம் பேசவில்லை. தெருவில் தாழ்ந்த சாதியான் ஒருவன் விழுந்து கிடந்தால் மேல்சாதியான் அவனைத் தூக்கிவிட மாட்டான் என்கிறார். மன்னர் திடுக்கிடுகிறார். கிறிஸ்தவ வாசகருக்கு இவ்விடத்தில் எரிகோ சாலை நினைவுக்கு வராமல் இராது. ஆனால் நாம் மறையுரைகளில் நல்ல சமாரியரின் இரக்கத்தோடு நின்றுவிடுகிறோம். லூக்கா நற்செய்தி அங்கே நிற்பதில்லை. சமாரியர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறார். காயத்தில் எண்ணெய் வார்த்த இரக்கம் கணக்காக முடிகிறது. அந்தக் கடைசி வரியை நான் முப்பதாண்டு மறையுரைகளில் ஒருமுறையும் விளக்கியதில்லை.

சீனிவாசனின் போராட்டம் வாக்குரிமையில் சென்று முடிந்ததும் இந்தக் கணக்கறிவின் தொடர்ச்சியே. அன்று சொத்தும் வரியும் கல்வியும் உடையவருக்கே வாக்கு. அவர் சட்டமன்றத்தில் அமர்ந்தது அரசின் நியமனத்தால். வாக்குப் பெற்று அல்ல. அவருக்கு வாக்களித்திருக்கக்கூடிய மக்களுள் மிகப்பலர் பட்டியலிலேயே இல்லை. அதனால்தான் வட்டமேசையில் அம்பேத்கரும் அவரும் தனித்தொகுதியோடு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றனர்.

கடல் கடந்தும் இதற்கு ஓர் இணை உண்டு. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், அடிமையாக இருந்து பின் சலவைத் தொழில் செய்த தாயின் மகள் மேகி வாக்கர், 1903-இல் ரிச்மண்டு நகரில் கருப்பின மக்களின் சில்லறைக் காசுகளைச் சேர்த்து ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்மாநிலம் வாக்குக்கு வரி விதித்திருந்தது. ஆண்டுக்கு ஒன்றரை டாலர். மூன்றாண்டுத் தொகையை முன்னரே கட்டியிருக்க வேண்டும். 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, கருப்பினப் பெண்களைப் பட்டியலில் பதிவு செய்யத் திரட்டியவர்களுள் அந்த வங்கித் தலைவியும் ஒருவர். காசை எண்ணக் கற்பித்தவரே வாக்கை எண்ணவும் கற்பித்தார். விர்ஜீனியாவின் அந்த வரி முற்றிலும் ஒழிந்தது 1966-இல். நம் நாட்டில் அனைவருக்கும் வாக்கு வந்தது 1950-இன் அரசியலமைப்பால். அதைக் காண வாக்கரும் இல்லை, சீனிவாசனும் இல்லை.

நூலின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது திறனாய்வு ஆகாது. பொதுவாழ்வின் வெளிச்சத்தில் வீடு மங்கிப் போகிறது. அந்த நீண்ட மனுவுக்குக் கையொப்பம் சேர்க்கத் தெருத்தெருவாக நடந்தவர்கள் முகமற்று நிற்கிறார்கள். மன்னரின் முகம் தெரிகிற அளவுக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. தலைவர்களின் தன்வரலாறுகளில் காணும் பொதுக்குறைதான். ஆயினும் இந்நூலில் அது கூடுதலாக உறுத்துகிறது.

நமக்கும் இந்நூல் ஒரு கேள்வியை வைக்கிறது. 1935-இல் அம்பேத்கர் மதமாற்ற அறிவிப்புச் செய்தபோது சீனிவாசன் அதை ஏற்கவில்லை. தம் மக்கள் வருணத்துக்கு வெளியே நிற்பவர்கள், இல்லாத இடத்திலிருந்து வெளியேறுவது எப்படி என்பது அவர் வாதம். அந்த வாதத்தோடு நாம் மாறுபடலாம். ஆனால் நம்மிடம் வந்தவர்களுக்கு நாம் தந்தது என்ன? 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியினர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அதை எதிர்த்து நாம் பேரணி நடத்துகிறோம், நியாயமே. அதே வேளையில் கல்லறையில் தனி வரிசையும், பங்குப் பேரவையில் சிலருக்கு எப்போதும் கடைசி நாற்காலியும் இருந்தால், நம்முடைய கணக்கு எந்த நோட்டில் ஏறும்?

நானும் இந்தக் கேள்விக்கு உட்பட்டவனே. கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் ஆறுதல் சொன்னவன் நான். அடுத்த வாரம் அந்தத் தாயோடு சென்று கேட்டேன். அதன்பின் ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம் கோவில் திண்ணையில் பெண்கள் தத்தம் நோட்டுகளைத் தாங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலையும் உரக்கப் படித்தோம். விடுபட்டவர்களுக்குப் படிவம் நிரப்பினோம். பெரிய செயல் ஒன்றுமில்லை. சீனிவாசனின் நூலை வேறெப்படியும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

விடுபட்ட நான்கு வாரங்களில் மூன்று நோட்டில் ஏறிவிட்டன. நான்காவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.